சாயாத வண்டிக்கு எந்தச் சக்கரம்?

திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் ஒரு காலத்தில் சக்கரம் என்றால் காசு. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது ரூபாய்க்கு 28 சக்கரம். ராஜ்ஜியம் போய், நாணயமும் போய், 1956-ல் மாநில எல்லை மாறிய பிறகும்கூட அதியன்னூர், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்துப் பழைய ஆட்களின் பேச்சில் அந்தச் சக்கரம் ரொம்ப நாள் ஓடிக்கொண்டிருந்தது.

பி.காம் படித்து வங்கியில் உட்கார்ந்திருப்பவன் சக்கரத்தைப் பற்றி எழுதுகிறான் என்றால் இந்தச் சக்கரமாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. இன்றைக்கு ரோட்டில் உருளுகிற சக்கரம். அதிலும் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் தொட்டில் மாதிரி ஒட்டிக்கொண்டு வருமே சைடுகார், அந்த வண்டியின் கம்பிச் சக்கரம்.

காரணம் இருக்கிறது. இங்கே டொராண்டோ பக்கத்தில் நம் ஆட்கள் நாலு பேர் கூடினால் மூன்றாவது பேச்சு ஊரில் கிடக்கும் வண்டியைப் பற்றித்தான். "அப்பாவோட புல்லட் ஷெட்டுல கிடக்கு. அடுத்த லீவுக்குப் போகும்போது ஒரு சைடுகார் மாட்டி, பிள்ளைகளை உட்கார வெச்சு கன்னியாகுமரி வரைக்கும் ஓட்டணும்" என்று ஆசைப்படுகிற அண்ணன்மாரை எனக்குத் தெரியும். நல்ல ஆசைதான். ஆனால் அடுத்த கேள்வி, "இருக்கிற வீலே போதுமா, இல்ல அலாய் போடணுமா?" என்று வரும். இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

சரியான பதில் கம்பிச் சக்கரத்தின் வரலாற்றில் இருக்கிறது. பிள்ளைகள் உட்காரப்போகிற வண்டி என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடுவோம்.

தாங்கும் கால், இழுக்கும் கம்பி

காளை வண்டிச் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் குடம், சுற்றி வட்டை, இரண்டுக்கும் நடுவே ஆரக்கால். பாரம் முழுவதும் கீழே இருக்கிற ஆரக்காலின் மேல் நிற்கும். தூண் மேல் கூரை நிற்கிற மாதிரி. அதனால்தான் ஆரக்கால் கை மொத்தத்துக்கு இருக்கிறது. வண்டி பள்ளத்தில் பக்கவாட்டில் ஆடினாலும் அந்தக் கனத்தினால் தாங்கிக்கொள்ளும். விலை என்ன? எடை.

இந்த எடையைக் குறைக்க வழி கண்டுபிடித்தவர் வண்டிக்காரர் இல்லை, பறக்கும் இயந்திரத்துக்குக் கனவு கண்டவர். இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி 1808-ல் ஒரு யோசனை எழுதி வைத்தார். சக்கரத்தின் விளிம்பைக் குடத்தோடு இழுத்துக் கட்டிவிட்டால், கனத்த மரக்கால் எதற்கு, மெல்லிய கயிறு போதுமே என்பது அது. கயிறு தள்ளாது. ஆனால் இழுக்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இழுத்துக் கட்டிய விளிம்பு அசையாது.

1869-ல் பாரிசில் யூஜின் மேயர் இதைக் கம்பி வைத்து சைக்கிள் சக்கரமாகச் செய்தார். 1874-ல் இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரத்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி இன்னொரு படி மேலே போனார். கம்பிகளைக் குடத்திலிருந்து நேராக விளிம்புக்குக் கொண்டுபோகாமல், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு சாய்வாகப் போகும்படி கோர்த்தார். பெடலை மிதிக்கும்போது (எங்கள் பக்கத்துப் பேச்சில் 'சவிட்டும்போது') குடம் முறுக்கும் விசை விளிம்புக்கு ஒழுங்காகப் போய்ச்சேர இதுதான் வழி. இன்றைக்கும் உங்கள் வீட்டுச் சைக்கிளில் இருப்பது ஸ்டார்லியின் கோர்வைதான். 1888-ல் பெல்ஃபாஸ்டில் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். சக்கரத்தின் கதை கிட்டத்தட்ட முடிந்தது.

இங்கே ஒரு விஷயத்தை வங்கிப் பாஷையில் சொல்கிறேன். கம்பிச் சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியிலும் முன்கூட்டியே ஒரு இழுவிசையை டெபாசிட் செய்து வைத்திருக்கிறோம். வண்டியில் ஆள் ஏறியதும் கீழே இருக்கிற கம்பிகளிலிருந்து கொஞ்சம் வித்டிராயல் நடக்கிறது. சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றியதும் அதே கம்பி மேலே போகிறது, எடுத்தது திரும்ப வரவாகிறது. மினிமம் பேலன்ஸ் இருக்கிறவரை கணக்கு ஓடும். எந்தக் கம்பியிலாவது பேலன்ஸ் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டால் அந்தக் கம்பி தளர்ந்து, அடுத்த நொடி சுண்டி இழுக்கப்படும். ஒவ்வொரு சுற்றிலும் இப்படியே தளர்ந்து சுண்டி, தளர்ந்து சுண்டி, கடைசியில் குடத்தை ஒட்டிய வளைவில் முறியும். பாரம் ஏற்றியதும் கம்பி பட்டென்று அறுந்ததாக நாம் நினைப்போம். பெரும்பாலும் அது பல நாள் தளர்ச்சியில் சேர்ந்த களைப்பு.

சாய்கிற வண்டி, சாயாத வண்டி

சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் வளைவில் சாய்கின்றன. நாம் சாய்க்கிறோம் என்றுகூடத் தெரியாமல் சாய்க்கிறோம். அப்படிச் சாயும்போது பாரமும் வளைவின் விசையும் சேர்ந்து சக்கரத்தின் தளத்துக்குள்ளேயே இறங்குகின்றன. பக்கவாட்டுத் தள்ளல் கம்பிகளுக்கு அவ்வளவாக வருவதில்லை. மெல்லிய கம்பி இவ்வளவு பாரத்தைத் தாங்குவதன் ரகசியம் இதுதான். கம்பிச் சக்கரம் நமக்குக் கொடுத்த லேசான எடை ஒரு நிபந்தனையின் பேரில் வந்தது: வண்டி சாய வேண்டும்.

பழைய சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. கம்பியின் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். திருவனந்தபுரம் - கன்னியாகுமரி ரயில் பாதை 1979-ல்தான் வந்தது. அதுவரை நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வழியாகப் போகும் அந்த ஒரே சாலைதான் எங்களுக்கு எல்லாம். பஸ் போக மற்றதெல்லாம் காளை வண்டியும் சைக்கிளும். மரச்சீனி மூட்டையும் தேங்காய்க் குலையும் கேரியரில் கட்டி ஒரு ஆளின் எடைக்கு மேல் ஏற்றிக்கொண்டு போவார்கள். 2 மில்லிமீட்டர் கம்பி தாங்கியது. ஏனென்றால் சைக்கிள் சாயும்.

இப்போது பக்கத்தில் ஒரு தொட்டிலைக் கட்டிவிடுங்கள். சைடுகார் 1903 வாக்கில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. கார் வாங்க முடியாத குடும்பங்களுக்கு அதுதான் கார். வீட்டுக்காரர் ஓட்டுவார், மனைவியும் கைக்குழந்தையும் தொட்டிலில். பர்மிங்காமில் 1912-ல் வாட்சன் என்பவர் தன் வீட்டுச் சந்தில் நுழைய முடியாமல் மடக்கும் சைடுகார் ஒன்றைச் செய்து, அதையே தொழிலாக்கினார். வாட்சோனியன் என்ற பெயரில் அந்தக் கம்பெனி பிற்பாடு உலகப் புகழ் பெற்றது.

வசதி வந்தது. நிபந்தனை மீறப்பட்டது. மூன்று சக்கரத்தில் நிற்கும் வண்டி சாயாது. வளைவில் வரும் விசை முழுவதும் சக்கரங்களைப் பக்கவாட்டில் தள்ளும்.

ஒரு சின்னக் கணக்கு. வண்டி, சைடுகார், மூன்று ஆட்கள் எல்லாம் சேர்ந்து 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், பக்கவாட்டு விசை சுமார் 140 கிலோ எடைக்குச் சமம். 70 கிலோ ஆட்கள் இரண்டு பேர் சக்கரங்களின் மேல் பக்கவாட்டில் சாய்ந்து நிற்பது மாதிரி. 30 கிலோமீட்டர் வேகம் நமக்கு வேகமே இல்லை!

நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், சைடுகாரும் இடப்பக்கம். வலது பக்கம் திரும்பினால் பாரம் சைடுகார் சக்கரத்தின் மேல் விழும். இடது பக்கம் திரும்பினால் சைடுகார் சக்கரம் தரையை விட்டுத் தூக்கப் பார்க்கும், பைக்கின் இரண்டு சக்கரங்களும் முழுத் தள்ளலையும் வாங்கும். (கனடாவில் எல்லாம் வலப்பக்கம், அதனால் இதெல்லாம் தலைகீழ். இங்கே சைடுகார் ஓட்டிப் பழகியவர்கள் ஊரில் முதல் நாள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.)

கவெண்ட்ரியும் கோயம்புத்தூரும்

இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவர்கள் கார்க்காரர்கள். காரும் சாயாது. ஆரம்பகாலக் கார்களுக்குக் கம்பிச் சக்கரம் போட்டுப் பார்த்தார்கள், வளைவில் தாங்கவில்லை. அதே கவெண்ட்ரியில் இருந்த ரட்ஜ்-விட்வொர்த் கம்பெனியின் ஜான் பியூ 1907-1908 வாக்கில் இதற்கு விடை சொன்னார். உள்பக்கம் இரண்டு வரிசைக் கம்பிகள் பிரேக்கும் இன்ஜினும் தருகிற முறுக்கலைத் தாங்கும். வெளிப்பக்கம் மூன்றாவதாக ஒரு வரிசை, பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்க மட்டும். சக்கரத்தை நடுவில் ஒரே ஒரு நட்டைக் கழற்றி மாற்றலாம் என்பது கூடுதல் வசதி. பல ஆண்டுகள் உலகத்தின் பந்தயக் கார்களெல்லாம் இந்த மாதிரிச் சக்கரத்தில் ஓடின.

பாருங்கள், சாயாத வண்டிக்கு மூன்றாவது வரிசைக் கம்பி வேண்டியிருக்கிறது என்பது 100 வருடங்களுக்கு முன்பே தெரிந்துபோனது.

ரட்ஜ் என்ற பெயர் தமிழர்களுக்குப் புதிதில்லை. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு இளைஞராக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கினார் என்பது ஊரறிந்த கதை. வாங்கியதும் ஓட்டினாரோ இல்லையோ, கழற்றிப் பூட்டிப் பார்த்தார். பிறகு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் ஆரம்பித்தார். சக்கரம் கட்டிப் பிரித்துப் பழகிய கை அது.

சைடுகார்க்காரர்களுக்கு மூன்று வரிசைச் சக்கரம் கட்டுப்படியாகவில்லை. அவர்கள் வேறு வழியில் போனார்கள்: கம்பியைத் தடியாக்குவது, குடத்தை அகலமாக்குவது, சக்கரத்தின் விட்டத்தைக் குறைப்பது. 1922-ல் ஆஸ்டின் செவன் மாதிரியான மலிவான கார்கள் வந்ததும், 1959-ல் மினி வந்ததும் இங்கிலாந்தில் சைடுகார் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் காருக்கு மாறின. கார்களோ அதற்கு முன்பே தகட்டுச் சக்கரத்துக்கு மாறியிருந்தன.

ரிக்‌ஷா படித்த பாடம்

நம் ஊரில் சைடுகார் எப்போதும் அபூர்வம்தான். பலருக்கு சைடுகார் என்றால் 1975-ல் வந்த 'ஷோலே' படத்தில் இரண்டு நண்பர்கள் பாடிக்கொண்டே போகிற வண்டிதான். (அந்தப் பாட்டில் சைடுகார் நடுவழியில் தனியாகப் பிரிந்து ஓடும். சினிமாவில் பார்க்க நன்றாக இருக்கும்.)

ஆனால் சாயாத வண்டியில் கம்பிச் சக்கரம் என்ற விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு அனுபவம் அதிகம். கைரிக்‌ஷாவை 1973-ல் தமிழக அரசு ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது நினைவிருக்கலாம். கைரிக்‌ஷாவுக்கு மரச்சக்கரம். சைக்கிள் ரிக்‌ஷாவுக்குக் கம்பிச் சக்கரம். ஓட்டுபவர், பின்னால் இரண்டு பேர், மடியில் பிள்ளை, காலடியில் மூட்டை, எல்லாம் மூன்று சக்கரத்தின் மேல். வண்டி சாயாது. வட சென்னையின் மீன்பாடி வண்டியும் அப்படியே.

ரிக்‌ஷா ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே சைக்கிள் கடை இருந்தது தற்செயல் இல்லை. 'அண்ணே, வீலு வெட்டுது' என்று வந்து நிற்பார்கள். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றிச் சட்டத்தில் மாட்டி, சாக்பீஸை விளிம்புக்குப் பக்கத்தில் பிடித்துச் சுற்றிவிடுவார். கோடு விழுந்த இடத்தில் கோட்டம். ஒரு பக்கத்துக் கம்பியை இறுக்கி, மறுபக்கத்துக் கம்பியைத் தளர்த்தி, திரும்பச் சுற்றுவார். கோட்டம் எடுப்பது என்று அதற்குப் பெயர். புத்தகத்தில் படித்ததில்லை. சாயாத வண்டியின் சக்கரத்தை அடிக்கடி தட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு வருமானக் கணக்காகவே தெரியும்.

ஆட்டோ ரிக்‌ஷா வந்தபோது இந்தத் தலைவலியையே விட்டுவிட்டார்கள். 8 அங்குல விளிம்பில் சின்னத் தகட்டுச் சக்கரம். கம்பியே கிடையாது. சாயாத வண்டிக்கு அதுவும் ஒரு நேர்மையான விடைதான். ஸ்கூட்டருக்கு சைடுகார் மாட்டியவர்கள் தப்பித்ததும் இதனால்தான். ஸ்கூட்டருக்கும் சின்னத் தகட்டுச் சக்கரம்.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூர்

இனி நம் புல்லட்டுக்கு வருவோம். இங்கிலாந்தின் ரெட்டிச் ஊசிக்குப் பேர் போன ஊர். ராயல் என்ஃபீல்டின் மூலக் கம்பெனியும் ஊசி செய்ததுதான். பிறகு சைக்கிள் பாகங்கள், சைக்கிள், 1901-ல் மோட்டார் சைக்கிள். ஊசிக்கும் கம்பி, சக்கரத்துக்கும் கம்பி!

1912-ல் அவர்கள் 770 சிசி இன்ஜினோடு சைடுகார் வண்டி ஒன்றை விற்றார்கள். பின்சக்கரத்தின் குடத்துக்குள் ரப்பர் கட்டைகளை வைத்து, இன்ஜினின் வெட்டு இழுப்பு நேராகக் கம்பிகளுக்குப் போகாமல் தணிக்கும் ஏற்பாடும் அந்தக் காலத்தில் அவர்கள் கொண்டுவந்ததுதான். புல்லட்டின் பின்குடத்தைத் திறந்தால் அந்த ரப்பர்கள் இன்றும் இருக்கும். சைடுகார் இழுக்கிற வண்டியில் அவை சீக்கிரம் நசுங்கும் என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் தயாராக ஆரம்பித்தது. அதற்கு ஆறு வருடம் முன்பு, 1949-ல், முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் செய்தது. ஆக, சென்னையின் ஒரு மூலையில் சைக்கிளுக்கும் இன்னொரு மூலையில் மோட்டார் சைக்கிளுக்கும் கம்பி கோர்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. சென்னையில் புல்லட் தொடர்ந்தது. 1977-ல் சென்னைப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. 1999 முதல் சில ஆண்டுகள் அதை அங்கே இறக்குமதி செய்து விற்றது யார் தெரியுமா? சந்தில் நுழைய மடக்கும் சைடுகார் செய்தாரே, அந்த வாட்சோனியன் கம்பெனியின் வழிவந்த வாட்சோனியன்-ஸ்குவயர். திருவொற்றியூர்ச் சக்கரத்தின் பக்கத்தில் இங்கிலாந்துத் தொட்டில். ஆகவே 'புல்லட்டுக்கு சைடுகார் தாங்குமா?' என்ற கேள்விக்கு வரலாறு 'தாங்கும்' என்றுதான் சொல்கிறது. எப்படித் தாங்க வைத்தார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

எதைப் போடுவது?

முதலில் கம்பி. பழைய புல்லட்டுக்கு இரண்டு சக்கரமும் 19 அங்குலம், டயர் 3.25-19. தனியாக ஓட்ட அருமையான அளவு. மோட்டார் சைக்கிள் கம்பிகள் பொதுவாக 8 முதல் 10 கேஜ் வரை வரும். கேஜ் எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 10 கேஜ் என்றால் 3.25 மில்லிமீட்டர். 8 கேஜ் என்றால் 4.06 மில்லிமீட்டர். முக்கால் மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். ஆனால் பலம் குறுக்குவெட்டுப் பரப்பில் இருக்கிறது. கணக்குப் போட்டால் 56 சதவிகிதம் கூடுதல் இரும்பு. ஒரு சக்கரத்துக்கு இதைவிட மலிவான இன்ஷூரன்ஸ் கிடையாது. தடித்த கம்பிக்குத் தகுந்தபடி ரிம்மிலும் குடத்திலும் துளை இருக்க வேண்டும். இருக்கிற துளையைப் பெரிதாக்குவதைவிட அதற்கென்றே துளையிட்ட ரிம் வாங்குவது நல்லது.

இரண்டாவது விட்டம். 19-ஐ விட 18, 18-ஐ விட 16 பக்கவாட்டுத் தள்ளலைச் சுலபமாகத் தாங்கும். கம்பியின் நீளம் குறையும், அதன் சாய்வு கூடும். இன்னொரு லாபம், சின்னச் சக்கரத்தால் வண்டி கொஞ்சம் தணிந்த கியரில் ஓடும். சைடுகார் இழுக்க அது நல்லதுதான். (19-ஐ வைத்துக்கொள்வதென்றால் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பார்கள்.)

மூன்றாவது குடம். கம்பிகள் புறப்படும் இரண்டு விளிம்புகளுக்கும் இடையே எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. கூடாரத்துக்குக் கயிறு கட்டும்போது முளையைத் தள்ளி அடிக்கிறோமே, அதே நியாயம். சைடுகார் சக்கரத்துக்கு இதில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பைக்கின் சக்கரங்களை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறது. சைடுகார் சக்கரமோ பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிற அச்சில் தொங்குகிறது. அந்த அச்சும் பேரிங்கும் அதற்கென்று செய்தவையாக இருக்க வேண்டும். ஸ்கூட்டரிலிருந்து கழற்றியதைப் பற்றவைத்து ஒப்பேற்றுகிற வேலை வேண்டாம். உட்காரப்போவது நம் பிள்ளை.

நான்காவது, முடிந்தால் மூன்று சக்கரமும் ஒரே அளவு. ரஷ்யாவின் யூரல் வண்டியில் இந்த ஏற்பாட்டைப் பார்க்கலாம். ஒரே ஒரு ஸ்டெப்னி, மூன்றில் எதற்கும் பொருந்தும். அதோடு டயர் தேய்மானத்தைச் சுழற்சி முறையில் பங்கிடலாம்.

டயரும் மாற வேண்டும். பைக் டயர் சாய்வதற்காக வட்டமாகச் செய்யப்பட்டது. சாயாத வண்டியில் அதன் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து சீக்கிரம் தட்டையாகும். சைடுகாருக்குத் தட்டை முகமுள்ள டயர்தான் சரி.

அலாய்? பார்க்க அழகு, கோட்டம் எடுக்கும் வேலை இல்லை, டியூப் இல்லாமல் ஓட்டலாம். எல்லாம் உண்மை. ஆனால் பைக்கோடு வருகிற அலாய் சாய்கிற வண்டிக்காகக் கணக்கிட்டு வார்த்தது. சைடுகாருக்கும் தாங்கும் என்று செய்தவர் எழுத்தில் கொடுத்தால் ஒழிய அதை நம்பிப் போட வேண்டாம். இன்னொன்றும் உண்டு. கம்பிச் சக்கரம் நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் கெட்டுப்போகும். முதலில் ஒரு கம்பி தளரும், பிறகு சக்கரம் வெட்டும், பிறகு ஒரு கம்பி முறியும். பார்க்கிற கண் இருந்தால் போதும். வார்த்த சக்கரத்தில் விழுகிற விரிசல் அவ்வளவு வெளிப்படையாகப் பேசாது.

எப்படிப் பார்த்துக்கொள்வது?

1. சத்தம் கேளுங்கள். சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக்கொண்டே போங்கள். இறுக்கமான கம்பி 'டிங்' என்று பாடும். தளர்ந்தது 'டொக்' என்கும். சங்கீத ஞானம் தேவையில்லை.

2. தளர்ந்ததை ஒரேயடியாக முறுக்காதீர்கள். நிப்பிளை ஒரு தடவைக்குக் கால் சுற்று. பிறகு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்தது. ஒரு கம்பி மட்டும் அளவுக்கு மீறி இறுகினால் அது ரிம்மை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

3. புதிதாகக் கோர்த்த சக்கரம் முதல் சில நூறு கிலோமீட்டரில் படிந்து தளரும். அப்போது ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். அதன் பிறகு சைடுகார் வண்டிக்கு மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஒரு கம்பி முறிந்தால் மாற்றிவிட்டு ஓட்டலாம். அடுத்தடுத்து முறிந்தால் மற்ற கம்பிகளும் களைத்துவிட்டன என்று அர்த்தம். முழுச் சக்கரத்தையும் பிரித்துப் புதுக் கம்பி கோர்க்க வேண்டும்.

5. ரிம்முக்குள் நிப்பிளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனையை அரத்தால் ராவி, ரிம் டேப் போட்டுத்தான் டியூப் மாட்ட வேண்டும். காரணம் தெரியாமல் வருகிற பஞ்சரில் பாதி இங்கிருந்துதான்.

6. உப்பு. கனடாவில் குளிர்காலத்தில் ரோட்டில் போடுகிற உப்பு சக்கரத்தைத் தின்னும் என்று எல்லோருக்கும் தெரியும். ஊரிலும் பூவாறு, விழிஞ்ஞம், குளச்சல் கடற்காற்று அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். எங்கள் பக்கத்துக்கு ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. மழையில் ஓட்டிவிட்டு வந்தால் சக்கரத்தை நல்ல தண்ணீரில் கழுவி, நிப்பிள்களில் ஒரு சொட்டு எண்ணெய். துருப்பிடித்து இறுகிய நிப்பிள் திரும்பாது, அப்புறம் கம்பியை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வருடத்தில் 11 மாதம் ஷெட்டில் கிடக்கிற வண்டிக்கு இது ரொம்ப முக்கியம்.

7. சக்கரத்தில் குறை இல்லாமலே டயர் தேய்ந்தால் சைடுகாரின் நேர்ப்பாடு தவறியிருக்கிறது. சைடுகார் சக்கரம் முன்பக்கம் பைக்கை நோக்கி மிகக் கொஞ்சம், அரை முதல் முக்கால் அங்குலம் வரை, உள்நோக்கி இருக்க வேண்டும். பைக் சைடுகாருக்கு எதிர்ப்பக்கம் ஒன்றிரண்டு டிகிரி சாய்ந்து நிற்க வேண்டும். நேரான இரண்டு மரச்சட்டமும் ஒரு டேப்பும் இருந்தால் அளந்துவிடலாம்.

காகிதம்

தொழில் புத்தி, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மீறி மாற்றிய வண்டிகள் விஷயத்தில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பான தீர்ப்பு கொடுத்தது. வழக்கு போனதும் எங்கள் கேரளாவிலிருந்துதான். எனவே சைடுகார் மாட்டுவதற்கு முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, அனுமதி கிடைத்தால் ஆர்.சி.யில் பதிந்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரியப்படுத்துங்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கிக்கும். பதியாத சைடுகாரில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு ஒன்று ஆனால், கிளெய்ம் என்று போய் நிற்கும்போது எதிராளி முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

அனுமதி கிடைக்கவில்லையா? அப்பாவின் புல்லட்டைத் தனியாகவே ஓட்டுங்கள். அது சாயப் பிறந்த வண்டி.

கிடைத்தால், கன்னியாகுமரிக்குக் கிளம்புவதற்கு முன்பு நெய்யாற்றின்கரையிலோ மார்த்தாண்டத்திலோ கோட்டம் எடுக்கத் தெரிந்த ஒரு பழைய கடையைத் தேடிப் பிடியுங்கள். அலாய் சக்கரம் பரவிய இந்த 20 வருடங்களில் அப்படிப்பட்ட கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவர் சக்கரத்தைச் சுற்றிவிடும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்துங்கள். அவர் கேட்கிற கூலியில் பேரம் பேச வேண்டாம். 28 சக்கரம் ஒரு ரூபாயாக இருந்த காலத்திலும் நல்ல கோட்டக்காரர் மலிவாக இருந்திருக்க மாட்டார்.

கொசுறு: ஸ்டெப்னி என்று நாம் சொல்வது ஆங்கிலேயரே மறந்துவிட்ட வார்த்தை. வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று உண்டு. 1904-ல் அங்கே டேவிஸ் சகோதரர்கள், மாற்றுச் சக்கரமே இல்லாமல் கார்கள் வந்த காலத்தில், பஞ்சரான சக்கரத்தின் மேலேயே பூட்டிக்கொள்ளும் உபரி ரிம் ஒன்றைச் செய்து விற்றார்கள். அதில் கம்பியும் கிடையாது, ஆரக்காலும் கிடையாது, ரிம்மும் டயரும் மட்டும். பொருள் போய் நூறு வருடம் ஆகிறது. பெயர் மட்டும் நம் ஊர் டயர் கடைகளில் இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது.